சந்தை அடையாள அட்டையைப் பறித்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனையான்: மாமா கொழும்பில் ஒரு பொதுச்சந்தையில் மரக்கறி விற்கிறார். போன வாரம் அட்டையைப் புதுப்பிக்கப் போனவரிடம் பழைய அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, இனி இடமில்லை என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு இருக்கிறதே, அது போதாதா?

வெள்ளவத்தை ராசா: போதாது. அது பிரதேச செயலகத்தில் பெயருக்குச் செய்யும் பதிவு, சந்தையில் இடம் தருவது வேறு அனுமதி. முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். கையில் கொடுத்தால் முத்திரை குத்திய பிரதி வாங்காமல் வராதீர்கள்.

சட்டக்கிறுக்கன்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பமும் போடுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருந்து நாளைக் கோட்டைவிடாதீர்கள், அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. பலருக்கு இது தெரியாது.

கொட்டாஞ்சேனையான்: இரண்டு மாத வாடகை பாக்கி இருக்கிறது. அதைப் பிடிப்பார்களா?

வெள்ளவத்தை ராசா: பின்னே? அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். நாளைக்கே கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அப்புறம் கடிதம்.