சித்தப்பா சொல்வது பொய்யா, நோயா?

கல்லடிக்காரி:
மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையில் இருக்கும் சித்தப்பாவுக்கு 54 வயது. இருபது வருடமாகச் சாராயம். காசில்லாத நாளில் கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம். சோறு இரண்டு பிடிதான். இப்போது குடிக்காத காலையிலும் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறார். நேற்று வாவியில் வலை வீசி ஏழு மணலை மீன் பிடித்ததாகச் சொல்லி, விரல் மடித்து எண்ணிக் காட்டினார். மனிதர் பாயை விட்டே எழும்பவில்லை! சித்தி "பொய்க்காரன்" என்று அகப்பையை எறிந்தார். எனக்கோ அவர் கண்ணில் கள்ளம் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
அது பொய்யில்லை, மகள். நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானே கதையால் அடைக்கிறது. மதுவால் தயமின், அதாவது விற்றமின் பி1, உடலில் சரியாகச் சேராது. சாப்பாடும் குறைந்தால் நடை தள்ளாடும், கண் அலைபாயும், மனம் குழம்பும். 1881இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே விவரித்த நோய் இது. பிந்தினால் கோர்சகோவ் நோயாகி மறதி நிலைத்துவிடக்கூடும். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடிப்பதை முதலிலேயே சொல்லுங்கள். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

பழைய குடிகாரன்:
அறையில் பூட்டிக் குடியை ஒரேயடியாக நிறுத்தப் பார்க்காதீர்கள், தங்கச்சி. என்னை அப்படித்தான் வைத்தார்கள். மூன்றாம் நாள் சுவரெல்லாம் நண்டு ஊர்ந்தது, பிறகு வலிப்பு. உயிரே போயிருக்கும். ஆலோசனைக்கு இலங்கையில் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கல்லடிக்காரி:
ஓட்டோ வந்துவிட்டது. கசிப்பைப் பற்றி டாக்டரிடம் சொல்லச் சித்திக்கு வெட்கம், நானே சொல்கிறேன். சித்தப்பா மீனைப் பையில் போடச் சொல்கிறார்.