அம்மம்மாவும் சிவப்பு லைட்டும்

மாமி: பிள்ளைகள், அம்மம்மா முழங்காலுக்குப் பிடிக்கச் சொன்ன அந்தச் சிவப்பு இன்ஃப்ராரெட் லைட்டுக்குக் கிட்டவும் போகமாட்டேன் என்று நிற்கிறா. இன்ஃப்ராரெட் என்றால் ரேடியேஷன், புற்றுநோய் வரும் என்று யாரோ வாய்ஸ் அனுப்பியிருக்கிறார்கள். முழங்கால் நோவில் இரவு நித்திரையும் இல்லை.

கஜன்: ரேடியேஷன்தான் மாமி, அதில் பொய் இல்லை. ஆனால் வெயிலும் ரேடியேஷன்தானே. எக்ஸ்ரே, காமா கதிருக்கு அணுவிலிருந்து இலத்திரனைத் தட்டிக் கழற்றும் பலம் இருக்கு, மரபணு பழுதாகும் என்ற பயம் அதால்தான். இன்ஃப்ராரெட்டுக்கு நாங்கள் பார்க்கிற சிவப்பு ஒளியை விடவே சக்தி குறைவு, சூடாக்கும், அவ்வளவுதான்.

துளசி: பார்க்கிற ஒளிக்கு கழியூதா (அல்ட்ராவயலட்) அந்தக் கரை, செங்கீழ் (இன்ஃப்ராரெட்) இந்தக் கரை. ஓ.எல். விஞ்ஞானம் 😌

சித்தி: கண்ணுக்குத் தெரியாத கதிர் என்றால் பல்ப் ஏன் சிவப்பாய் எரியுது?

கஜன்: நல்ல கேள்வி சித்தி. கூடவே கொஞ்சம் சிவப்பு ஒளியும் வருது, அதைத்தான் பார்க்கிறீர்கள். பெரும்பங்கு தெரியாதது. டிவி ரிமோட்டிலும் இதே கதிர்தான், கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். அதன் முனையை செல்ஃபி கமராவுக்கு முன்னால் பிடித்து அமத்திப் பாருங்கோ.

சித்தி: ஓமடா மினுங்குது!! டிவியும் நின்றுபோச்சு, மாமா கத்துறார்

கஜன்: 😂 1800இல் வில்லியம் ஹேர்ஷல் என்ற வானியலாளர் வெயிலை அரியத்தால் (பிரிஸம்) பிரித்து நிறம் நிறமாய் வெப்பமானி வைத்துப் பார்த்தவர். சிவப்புக்கு அங்கால், ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் கூடச் சூடு காட்டினது. அம்மம்மாவின் உடம்பும் இதே கதிரை விட்டுக்கொண்டுதான் இருக்கு. கொரோனா நேரம் காய்ச்சல் பார்க்க நெற்றிக்கு நேரே ஒரு கருவி பிடித்தார்களே, அது அந்தக் கதிரை வாங்கி அளந்தது, உள்ளுக்கு ஒன்றையும் பாய்ச்சவில்லை.

மாமா: அப்ப பயமில்லை, ஒரு மணித்தியாலம் வைத்து விடுவோம்

கஜன்: ஐயோ மாமா, தோல் வெந்துபோகும்! அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் உணர்ச்சி குறைவு என்று அவவே சொல்லுறவ. சுட்டாலும் அவவுக்குத் தெரியாது. பிசியோ சொன்ன தூரம், சொன்ன நேரம் மட்டும்தான், பல்ப்பை உற்றுப் பார்க்கவும் விடாதேங்கோ.

மாமி: சீனி இருக்கென்று பிசியோவிடம் சொன்னனீங்களோ?

மாமா: நீ சொல்லியிருப்பாய் என்று இருந்தேன்

மாமி: நல்லது. காலமை போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போடுவோம், இன்றைக்கு லைட் வேண்டாம்.

சித்தி: அதுவரைக்கும் மச்சாள், சாமான் அறையில் பூட்டி வையுங்கோ. அண்ணாவை நம்ப ஏலாது.