வெங்கர் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இப்போது வருந்தும் உரிமை உண்டா?

கொட்டகலையான்
2018 மே 15, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 20ஆம் திகதி பிற்பகல் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான், லண்டன் கால்பந்துக் கழகமான ஆர்சனலின் முகாமையாளர் ஆர்சன் வெங்கர் இந்தப் பருவகாலத்துடன் அதை விட்டு விலகுகிறார் என்ற செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. நான் ஐந்து வருடங்களாகக் காத்திருந்த செய்தி அது. என் பழைய பதிவுகளைத் தேடிப் பார்ப்பவர்கள், 2014 மார்ச் மாதம் அவருடைய ஆயிரமாவது போட்டியில் செல்சியிடம் 6-0 என்று தோற்ற இரவில் நான் எழுதியதையும், சென்ற வருடம் பயர்ன் மியூனிக்கிடம் இரண்டு போட்டிகளிலும் சேர்த்து 10-2 என்று நொறுங்கிய பிறகு எழுதியதையும் காணலாம். மரியாதை என்ற ஒன்றை அவற்றில் காண முடியாது. அப்படிப்பட்ட நான் அன்று துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் வீடு போய்ச் சேரும் வரை அந்தச் செய்தியை யாரிடமும் சொல்லவே மனம் வரவில்லை.

மே 6ஆம் திகதி பேர்ன்லியுடன் எங்கள் அணியின் சொந்த மைதானமான எமிரேட்ஸில் நடந்த போட்டியை எங்கள் வீட்டில்தான் எல்லோரும் பார்த்தோம். வெசாக் காரணமாக அரசாங்கம் தள்ளிவைத்த மே தின விடுமுறை மறுநாள் வந்ததால், விடியற்காலையில் தோட்ட வேலைக்கான பிரட்டுக்குப் போக வேண்டும் என்ற கவலை யாருக்கும் இருக்கவில்லை. லயத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். 5-0 என்று வென்றோம். போட்டி முடிந்ததும், ஒரு தோல்வியும் காணாத 2003-04 பருவகாலத்தின் நினைவான தங்கக் கிண்ணத்தை வெங்கரிடம் கொடுத்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்த அவர் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதற்கு முன், முந்திய நாள் மூளையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட, மான்செஸ்டர் யுனைட்டட்டின் முன்னாள் முகாமையாளர் அலெக்ஸ் பெர்குசன் நலம்பெற வேண்டும் என்று வாழ்த்தினார். அப்போது என் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ கேட்டதுதானே நடந்திருக்கிறது, பிறகு எதற்குக் கண் கலங்குகிறாய்?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

நேற்று முன்தினம் ஹடர்ஸ்ஃபீல்டில் கடைசிப் போட்டி. இந்த வருடம் வெளி மைதானங்களில் ஆடிய லீக் போட்டிகள் எல்லாவற்றிலும் தோற்றிருந்த அணி, அவருடைய இறுதி நாளில்தான் முதற் புள்ளிகளைப் பெற்றது. இருபத்திரண்டு வருடங்களுக்காக இருபத்திரண்டாவது நிமிடத்தில் இரு தரப்பு ரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள். மைதானத்துக்கு மேலே நன்றி சொல்லும் பதாகையுடன் ஒரு விமானம் பறந்தது. சென்ற வருடம் மார்ச்சில் வெஸ்ட் பிரொம்விச் மைதானத்துக்கு மேலேயும் விமானம் பறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் இருந்தது, அவருக்குப் புதிய ஒப்பந்தம் கொடுக்கக் கூடாது என்ற வாசகம். அந்தப் படத்தைப் பல மாதங்கள் என் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தேன்.

என் கேள்வி இதுதான். போ போ என்று கத்திவிட்டு, போகும்போது வருந்துவது வெறும் நடிப்பா? அல்லது இரண்டும் ஒரே மனத்தில் உண்மையாக இருக்க முடியுமா? இன்னொன்றும் கேட்கிறேன்: நாம் கேட்டது சரிதானா?

மஸ்கெலியா மாமா
2018 மே 15, இரவு 10.55

தம்பி, உங்கள் வயதுக்கு நீங்கள் பார்த்தது அவருடைய பிற்பாதியை மட்டும். நான் முற்பாதியிலிருந்து வருகிறேன் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998இல் எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பார்ப்பதற்காகக் கார் பெற்றரி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மஸ்கெலியா டவுனுக்குப் போய், சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொடுத்தோம். சிடேன் தலையால் அடித்த இரண்டு கோல்களையும் பார்த்தோம். இரண்டாம் பாதியின் நடுவில் பெற்றரி இறங்கி, படம் நான்கு பக்கமும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு புள்ளியாகி மறைந்துவிட்டது. பிரான்ஸ் மூன்றாவது கோலையும் அடித்தது என்பது மேட்டு லயத்திலிருந்து எழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. பத்திரிகை கைக்கு வந்தபோது, அந்தக் கோலை அடித்த இம்மானுவேல் பெட்டியும் அவருக்குப் பந்தைக் கொடுத்த வியெய்ராவும் லண்டனில் ஒரே கழகத்துக்கு ஆடுகிறார்கள் என்றும், அந்தக் கழகம் அதே வருடம் இங்கிலாந்து லீக்கையும், தோற்றால் வெளியேறும் போட்டித்தொடரான எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்றது என்றும், அதன் முகாமையாளரும் ஒரு பிரெஞ்சுக்காரர் என்றும் படித்தேன். கண்ணால் பார்க்காத ஒரு கோலால் நான் ஆர்சனல் ரசிகன் ஆனேன்.

அடுத்த வருடம் நடந்ததுதான் என்னை அவரோடு கட்டிப்போட்டது. 1999 பெப்ரவரியில் ஷெஃபீல்ட் யுனைட்டட்டுடன் எஃப்.ஏ. கிண்ணப் போட்டி. காயப்பட்ட வீரருக்காக எதிரணி பந்தை வெளியே அடித்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக எறிந்த பந்தை, அணிக்குப் புதிதாக வந்த கானு விஷயம் புரியாமல் எடுத்துக்கொண்டு ஓட, ஓவர்மாஸ் கோலாக்கிவிட்டார். சட்டப்படி அது கோல்தான். 2-1 என்று வென்றாகிவிட்டது. வெங்கரோ இந்த வெற்றி வேண்டாம், மீண்டும் ஆடுவோம் என்று தாமாகவே முன்வந்தார். மீண்டும் ஆடினார்கள், மீண்டும் 2-1 என்று வென்றார்கள். இன்றைய முகாமையாளர்களில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

2005க்குப் பிறகு ஒன்பது வருடம் கிண்ணமே இல்லை என்று எல்லோரும் கணக்குச் சொல்கிறார்கள். அந்த ஒன்பது வருடத்தில் கழகம் 38,000 பேர் அமரும் ஹைபரியை விட்டு 60,000 பேர் அமரும் புதிய மைதானத்துக்குப் போனது. அந்த மைதானம் கட்டிய கடனை அடைப்பதற்காக ஒவ்வொரு வருடமும் நல்ல வீரரை விற்றுவிட்டு, சிறுவர்களை வைத்துக்கொண்டு முதல் நான்கு இடத்துக்குள் வந்தாக வேண்டியிருந்தது. வந்தார். 1997 முதல் 2016 வரை இருபது பருவகாலமும் தவறாமல் வந்தார். அதைக் கிண்ணமாக எண்ண வேண்டாம்; ஆனால் வெறுங்கை என்றும் எண்ண வேண்டாம்.

ஒரு சிரிப்பான விஷயம். அவர் வந்த 1996 முதல் இன்று வரை எங்கள் தோட்டத்துக்கு முகாமையாளர்களாக எத்தனை துரைமார் வந்து போனார்கள் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர் வரை எண்ணினேன். ஓர் அணிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று நிறுத்திக்கொண்டேன். அவர்களில் ஒருவர் போனதற்கும் நான் வருந்தியதில்லை, திட்டியதும் இல்லை. திட்டுவதற்கும் ஆள் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், தம்பி.

டிக்கோயா பத்தாம் இலக்கம்
2018 மே 15, இரவு 11.10

நடிப்பு அல்ல. என் தாத்தாவை நான் தினமும் எதிர்த்துப் பேசினேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

பண்டாரவளை யுனைட்டட்
2018 மே 16, காலை 6.20

மான்செஸ்டர் யுனைட்டட் ரசிகனான எதிரணிக்காரன் உள்ளே வருவதற்கு மன்னிக்கவும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அனுபவப்பட்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

2013 மே 8ஆம் திகதி பெர்குசன் ஓய்வை அறிவித்தபோது, எங்களிடம் நீங்கள் சொல்லும் அந்தக் குற்ற உணர்வு இருக்கவில்லை. அவர் லீக்கை வென்று கையில் வைத்துக்கொண்டு போனார். அந்த வருடத்து வெற்றிக்காக எமிரேட்ஸில் உங்கள் வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று எங்களுக்குக் கைதட்டி வழிவிட்டதும், அந்த வரிசைக்கு நடுவே நீங்கள் விற்ற வான் பெர்சி நடந்து வந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

எங்கள் மைதானமான ஓல்ட் டிரஃபோர்டில் விடைபெற்ற நாளில், புதிய முகாமையாளரோடு துணை நிற்பதுதான் இனி உங்கள் வேலை என்று பெர்குசன் கேட்டுக்கொண்டார். நாங்கள் தலையாட்டினோம். டேவிட் மொயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்து மாதம் கடப்பதற்குள் அவரைப் போகச் சொல்லி எங்கள் ஆட்களும் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். ஏப்ரலில் அவர் போய்விட்டார். அணி ஏழாவது இடத்தில் முடித்தது. அதன் பிறகு வான் ஹால் வந்தார், இப்போது மொரின்ஹோ இருக்கிறார், பிரீமியர் லீக் கிண்ணம் மட்டும் திரும்பி வரவில்லை. இருபத்தாறு வருடம் ஒருவர் தம் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்ட வீட்டில் அடுத்தவர் விளக்குச் சுவிட்சைத் தேடவே ஒரு வருடம் எடுக்கும். உங்களுக்கு உங்கள் முன்னாள் வீரர் ஆர்ட்டெட்டா முகாமையாளராக வருவார் என்கிறார்கள். யார் வந்தாலும், முதல் வருடத்திலேயே விமானத்துக்குக் காசு சேர்க்காதீர்கள்.

ஏப்ரல் 29ஆம் திகதி ஓல்ட் டிரஃபோர்டில் வெங்கருக்கு நினைவுப் பரிசு கொடுக்கப் பெர்குசனே மைதானத்துக்குள் வந்தார். ஒரு காலத்தில் முகம் பார்க்காத இரண்டு பேர். ஆறு நாட்களில் பெர்குசன் வைத்தியசாலையில் இருந்தார். உங்கள் ஆள் எமிரேட்ஸில் முதலில் அவருக்காகப் பேசினார் என்று அறிந்தபோது, எங்கள் வீட்டில் நானும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன்.

ஊவாக்காரி
2018 மே 16, பிற்பகல் 3.05

எல்லோரும் நெகிழ்ந்துபோய் இருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கடினமாகப் பேச வேண்டியிருக்கிறது.

மாமா, மைதானக் கடன் பற்றி நீங்கள் எழுதியது முழுவதும் சரி. ஆனால் அந்த நியாயம் ஏறத்தாழ 2013இல் தீர்ந்துவிட்டது. அந்த வருடம் ஓசிலையும் அடுத்த வருடம் சாஞ்சேஸையும் பெரும் தொகை கொடுத்து வாங்க முடிந்தது. 2015-16இல் செல்சி, யுனைட்டட், மான்செஸ்டர் சிட்டி எல்லாமே தடுமாறிய பருவகாலத்தில், லெஸ்டர் 81 புள்ளிகளுடன் லீக்கை வென்றது. நாம் 71 புள்ளிகளுடன் இரண்டாவது. அதற்குக் கடனைக் காரணம் காட்ட முடியாது. 1996இல் அவர் கொண்டுவந்த உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, வெளிநாட்டு வீரரைத் தேடிப் பிடிக்கும் கண் எல்லாவற்றையும் பத்து வருடத்தில் மற்றக் கழகங்கள் கற்றுக்கொண்டன. அவர்கள் அதற்கு மேல் சேர்த்த எதையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் குறை. முன்னே நின்று எதிரணியை நெருக்குவது, பந்தை இழந்ததும் பின்களத்தை அடைப்பது போன்றவற்றில் நம் அணி ஒவ்வொரு வருடமும் அதே ஓட்டையோடு ஆடியது.

ஆகவே கொட்டகலைத் தம்பி, நீங்கள் கேட்டது சரி. கேட்ட விதம்தான் பிழை. 2014இல் ஹல் சிட்டியிடம் இரண்டு கோல் பின்தங்கி, மேலதிக நேரத்தில் ராம்சியின் கோலால் கிண்ணத்தை வென்ற நாளில் அவர் போயிருந்தால், அல்லது சென்ற வருடம் செல்சியை வீழ்த்தி ஏழாவது எஃப்.ஏ. கிண்ணத்தை எடுத்த நாளில் போயிருந்தால், இந்த விவாதமே இருக்காது. அதற்குப் பதிலாக மேலும் இரண்டு வருடம் கையெழுத்திட்டார். ஒரு வருடம் மீதமிருக்க, இந்த நேரம் தாம் தேர்ந்தெடுத்ததல்ல என்று சொல்லும் நிலையில் போகிறார். அவரை அனுப்பியது உங்கள் பதிவுகள் அல்ல, எங்கள் பதிவுகளும் அல்ல. மார்ச் மாதப் பனியில் சிட்டியுடன் ஆடியபோது எமிரேட்ஸில் வெறுமையாகக் கிடந்த இருக்கைகள்தான் அனுப்பின. காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்களே வராமல் விட்டார்கள். பதுளையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து கத்திய என் சத்தம் லண்டனுக்குக் கேட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மஸ்கெலியா மாமா
2018 மே 16, மாலை 7.30

மகளே, நீங்கள் சொல்லும் குறைகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். ரசிகர்களின் பிளவு உலகத்துக்குக் காட்டிய முகம் தம்மை நோகச் செய்தது என்று விலகலை அறிவித்த பிறகு அவரே சொன்னார். உலகம் என்று அவர் சொன்னதில் பதுளையும் மஸ்கெலியாவும் இல்லையென்று எப்படிச் சொல்வீர்கள்?

கொட்டகலையான்
2018 மே 16, இரவு 10.15

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னதுபோல் கேட்டது சரியென்றே இன்னும் நினைக்கிறேன். மாமாவின் கடைசிப் பதிவைப் படித்த பிறகு, கேட்ட விதத்தை நினைத்துக் கூச்சமாக இருக்கிறது. பழைய பதிவுகளை அழித்துவிடலாமா என்று மாலையில் யோசித்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து படித்தபோது, 2014 மார்ச்சில் நான் வெங்கரைத் திட்டி எழுதிய பதிவுக்குக் கீழே, “தம்பி, சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், சனிக்கிழமை மறுபடி ஆட்டம் இருக்கிறது” என்று மஸ்கெலியா மாமா எழுதியிருப்பதைக் கண்டேன். அன்று அதற்கு நான் பதில்கூடப் போடவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பண்டாரவளை நண்பருக்கு: சனிக்கிழமை எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் நீங்கள் செல்சியுடன் ஆடுகிறீர்கள். இந்த ஒரு தடவை மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன்; அந்த 6-0 எனக்கு இன்னும் ஆறவில்லை.