கூடாரத்தோடு பைக்கில் ஸ்பெயின் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சென்ற ஜூன் மாதம் நானும் என் அக்கா மகனும் ஆளுக்கொரு பைக்கில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, பிரான்ஸைக் கடந்து, ஸ்பெயினின் அரகோன் மலைப்பகுதி வரை போய்வந்தோம். மொத்தம் பன்னிரண்டு நாள். கப்பலில் இரண்டு இரவு, கூடாரத்தில் ஒன்பது இரவு. இந்த ஆண்டு போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

போர்ட்ஸ்மவுத்தில் இரவுக் கப்பல் ஏறினால் விடிந்ததும் நார்மண்டியில் விஸ்த்ரஹாம் துறையில் இறங்கிவிடலாம். முதல் நாளே நடு பிரான்ஸிலுள்ள லிமோஜ் நகரைத் தாண்டிவிட வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். சுங்கச் சாலை வேண்டாம், ஊர்களின் ஊடே போகும் மாவட்டச் சாலைகளே போதும் என்பதும் என் முடிவுதான். அந்தச் சாலைகளில் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர். ஊருக்குள் 50, அதற்குள் சில இடங்களில் 30. வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முதலுரிமை என்ற விதி வேறு. சின்னச் சந்து என்று பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பெட்ரோல், சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்தால் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிய விஷயம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. நகராட்சி நடத்தும் கூடார முகாமின் அலுவலகம் பூட்டியிருந்தது, தடுப்புக்கட்டையும் இறங்கியிருந்தது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பண்ணையில் முகாம் என்று ஒரு சிறு பலகை கண்ணில் பட்டது. கதவைத் தட்டினோம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயி கைவிளக்கோடு வந்து புல்வெளியைக் காட்டினார். என் பிரெஞ்சு அரைகுறை. அவருக்கு ஆங்கிலம் கிடையாது. மழை தூறத் தொடங்கியிருந்தது. கூடாரம் அடிக்கும் அவசரத்தில், ஈரப் புல்லில் பைக்கின் சைடு ஸ்டாண்ட் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார். ஒன்றும் பேசாமல் கொட்டகைக்குப் போய்ப் பழைய கூரைக் கற்பலகைத் துண்டுகள் இரண்டை எடுத்துவந்து, குனிந்து ஸ்டாண்டுக்கு அடியில் செருகினார். காலையில் பணம் கொடுத்தபோது முகாமுக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொண்டு, கற்பலகைகளை எங்கள் சாமான் பையிலேயே வைத்துவிட்டார்.

"இனிமேல் நான்கு மணிக்கே நிறுத்திவிடலாம், மாமா" என்றான் மருமகன். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர்தான் ஓட்டினோம். கையில் இருந்த காகித வரைபடத்தில், அழகான சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே வழி பிடித்தோம்.

எதிரே வரும் பிரெஞ்சு பைக்காரர்கள் இடக்கையின் இரு விரலை விரித்து வணக்கம் சொல்வார்கள். முந்திப் போகிறவர்கள் வலக்காலை வெளியே நீட்டுவார்கள். முதலில் ஒருவர் நீட்டியதைப் பார்த்தபோது அவருக்குக் கால் பிடித்துக்கொண்டதோ என்று கவலைப்பட்டேன். வழிவிட்டதற்கு நன்றியாம்! வலக்கை வேகம் கூட்டும் முறுக்கியை விட முடியாதல்லவா, அதனால் கால்.

பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனே மலையில் சூலோர் கணவாயிலிருந்து 1,709 மீட்டர் உயரத்து ஒபிஸ்க் கணவாய்க்குப் போகும் வழியைப் பாறையைக் குடைந்து போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு சிறு சுரங்கத்துக்குள் மாடுகள் நின்றிருந்தன. பின்னால் சைக்கிளில் ஏறிவந்த முதியவர் ஒருவர் எஞ்சினை அணைக்கும்படி கையால் சைகை காட்டினார். அணைத்தோம். கழுத்து மணிகளின் ஓசை மட்டும் சுரங்கம் முழுதும் நிறைந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் அவை தாமாகவே நகர்ந்தன.

லாரூன்ஸ் ஊரில் இறங்கி, பூர்த்தலே கணவாய் ஏறி ஸ்பெயினுக்குள் நுழைந்தோம். பியெஸ்காஸ் அருகே ஒரு முகாமில் மருமகன் ஓடைக் கரையில் இடம் கேட்டான். வரவேற்பில் இருந்த பெண்மணி மறுத்துவிட்டு, 1996 ஆகஸ்ட் 7 மாலையைப் பற்றிச் சொன்னார். அப்போது அவர் பள்ளி மாணவி. மலையில் பெய்த பேய்மழையில் அராஸ் ஓடையின் தடுப்பணைகள் உடைந்து, கல்லும் சேறும் கீழே இருந்த முகாமை அடித்துப்போனதில் 87 பேர் இறந்தார்கள். அந்த ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண்ணின் மேல்தான் முகாம் அமைந்திருந்தது. மறுநாள் அங்குள்ள நினைவிடத்துக்குப் போய்ச் சற்று நேரம் நின்றோம். வறண்டு கிடக்கும் ஓடையானாலும் அதன் அருகே இப்போது நான் கூடாரம் அடிப்பதில்லை.

* * *

அண்ணா, நான் தென் பிரான்ஸில் துலூஸ் நகரில் வசிக்கிறேன். நீங்கள் சொன்ன மலைச்சாலைகளில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஓட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிரான்ஸில் 2016 முதல் சிஇ என்ற ஐரோப்பியத் தர முத்திரையுள்ள கையுறை கட்டாயம், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான். வெயிலில் கழற்றி வைத்திருந்த என் தோழிக்கு 68 யூரோ போயிற்று. ஒளிரும் மேலங்கியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுப்பைப் பற்றியும் சொல்கிறேன். எங்களுடையது திருகிப் பொருத்தும் எரிவாயுக் குடுவைக்கானது. கிராமத்துக் கடையில் இருந்ததோ அழுத்திப் பூட்டும் வகை. ஞாயிற்றுக்கிழமை வேறு, மற்ற கடைகளும் இல்லை. பக்கத்துக் கூடாரத்து டச்சுக் குடும்பம் தங்கள் அடுப்பைக் கொடுத்தது. அவர்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன். அவர்கள் வீட்டுச் சிறுமி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள்! இப்போது இரண்டு வகைக்கும் பொருந்தும் இணைப்பியோடுதான் கிளம்புகிறேன்.

மலையில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரனே தேசியப் பூங்காவில் மாலை 7 முதல் காலை 9 வரை அனுமதி உண்டு. ஆனால் சாலையிலிருந்தோ பூங்கா எல்லையிலிருந்தோ ஒரு மணி நேர நடைக்கும் அப்பால் இருக்க வேண்டும். பைக்கை விட்டு அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வராது. நகராட்சி முகாம்கள் மலிவானவை. முதல் நாளே சொல்லிவைத்தால் பல இடங்களில் காலையில் ரொட்டியும் கிடைக்கும்.

* * *

நான் பாரிஸிலிருந்து போனேன், தனியாக, ஆகஸ்டில். மலை இறங்கி எப்ரோ ஆற்றுச் சமவெளிக்குள் நுழைந்ததும் வெப்பமானி 41 காட்டியது. சரகோசா பக்கம் சியெர்சோ என்ற வடமேற்குக் காற்று வீசும். சாமான் பெட்டிகளோடு பக்கவாட்டில் அது பிடித்துத் தள்ளும்போது உடம்பெல்லாம் இறுகிவிடுகிறது. ஒரு கிராமத்தில் நிழலுக்காக, பந்தை அடித்து ஆடுவதற்கென்று கட்டிய உயரமான சுவரோரம் ஒதுங்கினேன். அங்கே சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் ஒரு வாளி தண்ணீரும் துண்டும் கொண்டுவந்தார். சூரியன் சாயும்வரை என்னைக் கிளம்ப விடவில்லை. அதன்பின் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை மட்டுமே ஓட்டினேன்.

எரிபொருள் பெயர்களில் கவனம் தேவை. ஸ்பெயினில் காசோலினா என்றால் பெட்ரோல், காசோலியோ என்றால் டீசல். ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் அட்டையைச் செருகினால் முதலில் நூறு யூரோவுக்கு மேல் முடக்கிவைத்துப் பிறகுதான் விடுவிப்பார்கள். கணக்கில் பணம் குறைவாக இருந்தால் சிக்கல்.

இந்த முறை செப்டம்பரில் போகிறேன். அரகோனில் ஹுயெஸ்கா நகரிலிருந்து லோவார்ரே கோட்டை வழியாக ரிக்லோஸ் பாறைகளுக்குப் போனவர்கள் இருந்தால், எங்கே தங்கினீர்கள் என்று சொல்லுங்கள், அண்ணன்மாரே.