ஜெர்மனியில் தேவாலய வரி: ஆட்கள் போனபின் சபை எப்படி நிற்கும்?

தேன்மழை:
2022இல் ஜெர்மன் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மட்டும் 5,22,821 பேர் விலகினார்கள். இத்தனை ஆண்டுகளாக ஆட்கள் போயும் வருமானம் ஏன் அதே வேகத்தில் சரியவில்லை? விலகுவது எப்படி நடக்கிறது? காலியாகும் கோயில்களை என்ன செய்கிறார்கள்?

ரைன்கரை:
சபைக்கு அதன் உறுப்பினர்கள் கட்டும் தேவாலய வரி சம்பளத்தின் மேல் நேரடியாக வருவதல்ல, வருமான வரியின் மேல் வருவது. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8%, மற்ற மாநிலங்களில் 9%. வருமான வரி 6,000 யூரோ என்றால் சபைக்கு 540 யூரோ. சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். சம்பளம் உயர்ந்தால் இதுவும் உயரும். ஆள் குறைந்ததை அதுதான் இவ்வளவு நாள் மறைத்தது. இப்போது 1950, 60களில் பிறந்த பெரிய தலைமுறை ஓய்வு பெறுகிறது. ஓய்வூதியத்தில் வருமான வரி குறைவு, பலருக்கு இல்லவே இல்லை. அவர்கள் சபையிலேயே இருந்தாலும் வரவு விழும்.

விலக, பாதிரியாரிடம் சொன்னால் போதாது. மாநிலத்தைப் பொறுத்து உள்ளூர் நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ அடையாள அட்டையோடு போய்க் கையெழுத்திட வேண்டும். வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் கட்டணம் 30 யூரோ. சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், பல வருடம் கழித்தும் கேட்பார்கள். இன்னொன்று: கட்டிய தேவாலய வரியை வருமானத்தில் கழித்துக் காட்டலாம். ஆகவே விலகினால் மிஞ்சுவது முழு 540 அல்ல.

அகல்விளக்கு:
கத்தோலிக்கருக்கு விளைவும் உண்டு. ஜெர்மன் ஆயர்களின் (பிஷப்புகளின்) 2012 ஆணைப்படி, விலகியவர் நற்கருணை (வழிபாட்டில் தரும் புனித அப்பம்) பெறவோ, குழந்தையின் திருமுழுக்கில் ஞானப் பெற்றோராக நிற்கவோ முடியாது. புதிதாக வரும் நம்மவர்கள் கவனிக்க: முகவரிப் பதிவில் சமயம் ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதினால் வரிப் பிடித்தமும் கூடவே வரும்.

ஃப்ரைபர்க் பல்கலைக்கழக ஆய்வு (2019) கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் என்ற இரு பெரும் சபைகளையும் சேர்த்துக் கணக்கிட்டது: 2017இல் 4.48 கோடி உறுப்பினர்கள், 2060இல் 2.27 கோடி. அதில் முக்கியமானது, இந்தச் சரிவில் பாதிக்கும் குறைவுதான் முதுமையாலும் குறைந்த பிறப்பாலும் வருவது. மீதி விலகலும், பெற்றோர் பிள்ளைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்காததும். விலகல் அதிகம் நடப்பது இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளின் நடுவரை. உறுதிபூசுதல் என்ற இளம்பருவச் சடங்குக்குப் பிறகு பத்தாண்டு யாரும் விசாரிக்காத பிள்ளைக்குச் சபை மறுபடி கண்ணில் படுவது சம்பளச் சீட்டில்தான். வேலைக்காக ஊர் மாறும் இளையவரைப் புதிய ஊரின் பங்கு (உள்ளூர்ச் சபை) தேடிப்போய்ச் சந்திக்காதவரை இது நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மணியோசை:
கட்டடத்தை நேரே விற்க முடியாது. முதலில் ஆயரின் ஆணை, பிறகு கடைசித் திருப்பலி. நற்கருணையையும் பீடத்திலுள்ள புனிதர்களின் திருப்பண்டங்களையும் (எலும்பு போன்ற நினைவுப் பொருட்கள்) எடுத்துச் செல்வார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமானால் சுவரை இடிக்கவும் சன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும், வாங்க வந்தவர்கள் அங்கேயே பின்வாங்குவார்கள். ஆகனில் புனித யோசேப்பு கோயில் 2006இல் அஸ்திக் கலசங்கள் வைக்கும் இடமானது. வழிபாட்டுக்கு நெருக்கமான பயன் என்பதால் ஊராரும் இதை எளிதில் ஏற்கிறார்கள். மொன்ஷன்கிளாட்பாக்கில் ஒரு கோயில் சுவர் ஏறும் பயிற்சிக்கூடமாகிவிட்டது.

தேன்மழை:
விலகியவர் திரும்ப வந்தால் மறுபடி திருமுழுக்கா?

அகல்விளக்கு:
இல்லை, முதல் திருமுழுக்கு அழியாது. பங்குக் குருவோடு ஒரு பேச்சு, ஒரு படிவம், ஆயரின் ஒப்புதல். புராட்டஸ்டன்ட் சபையில் இதற்கென்றே பல நகரங்களில் தனி அலுவலகம் உண்டு.