பெரிய எக்ஸ்எம்எல் கோப்பைப் பக்கம் பக்கமாகத் தரும் எளிய இடைமுகம்: எப்படி அமைக்கலாம்?

நூல்கண்டு:
விக்கிப்பீடியாவின் எக்ஸ்எம்எல் டம்ப்பை (அதன் பக்கங்கள் அடங்கிய பெரிய கோப்பு) படிக்க பைத்தானில் ஒரு சின்ன லைப்ரரி எழுதுகிறேன். ஃபார் லூப் போட்டால் பக்கம் பக்கமாக வரணும், அவ்வளவுதான். பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீயின் இட்டர்பார்ஸை (கோப்பைச் சிறிது சிறிதாகப் படிப்பது) ஒரு ஜெனரேட்டருக்குள் (கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன்) வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் யீல்ட் செய்தபின், அதாவது வெளியே தந்தபின், கிளியர் செய்கிறேன். ஆனாலும் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. முடிவுகளை லிஸ்ட்டில் சேர்த்தால் எல்லாப் பக்கமும் காலி! மரம் கட்டாமல் நிகழ்வுகளை மட்டும் தரும் சாக்ஸ் பார்சருக்கே போய்விடலாமா?

கடைசிவரி:
வேண்டாம். சாக்ஸில் ஒரே டேக்கின் உரைகூடப் பல துண்டாக வரும். ஒட்டவைக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

நீங்கள் கிளியர் செய்வது பக்கத்தை. உள்ளடக்கம் போனாலும் வெற்று எலிமென்ட் ரூட்டிலேயே (எல்லாவற்றையும் உள்ளடக்கிய வெளி எலிமென்ட்) தொங்குகிறது, அதனால்தான் மெமரி ஏறுகிறது. லிஸ்ட் காலியாவதும் அதே கிளியரால்தான்: அடுத்த பக்கம் கேட்டதும் முந்தையது துடைக்கப்படுகிறது.

இட்டர்பார்ஸிடம் ஸ்டார்ட் (டேக் தொடங்குவது), எண்ட் (டேக் முடிவது) இரண்டு நிகழ்வையும் கேளுங்கள். முதலில் வரும் ஸ்டார்ட்தான் ரூட். அதைப் பிடித்து வையுங்கள். பக்கத்தின் எண்ட் வந்ததும் யீல்ட், பிறகு ரூட்டை மட்டும் கிளியர். கையில் வைத்திருக்கும் பக்கம் அப்படியே இருக்கும், விட்டது மெமரியிலிருந்து போய்விடும். எல்லா எண்ட் நிகழ்விலும் கிளியர் போட்டுவிடாதீர்கள், பக்கம் முடியுமுன்பே அதன் உரை போய்விடும். ரூட்டின் ஆட்ரிபியூட்களும் தொடக்கத்திலுள்ள சைட்இன்ஃபோவும் (தளத்தின் விவரங்கள்) வேண்டுமென்றால் முதல் கிளியருக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குறி:
எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரிக்கு இது பொருந்தாது. அங்கே ரூட்டைத் தொடக்கூடாது. படித்து முடித்த பக்கத்தைக் கிளியர் செய்து, அதற்கு முந்தைய உடன்பிறப்பு எலிமென்ட்களை நீக்குவதே வழக்கம்.

இடைமுகத்தைப் பொறுத்தவரை, எலிமென்ட்டையே வெளியே தராதீர்கள். தலைப்பு, எண், உரை கொண்ட நேம்ட்டப்பிள் (பெயரிட்ட புலங்கள் கொண்ட சிறு தொகுப்பு) போதும். இந்த டம்ப்பில் ஐடி என்ற டேக் பக்கம், திருத்தம், பங்களிப்பாளர் மூன்றிலும் வரும். பக்கத்தின் நேரடிப் பிள்ளையை மட்டும் தேடாவிட்டால் எண் மாறிவிடலாம். டேக் பெயரோடு நேம்ஸ்பேஸும் (டேக் எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி) ஒட்டியிருக்கும், அதில் பதிப்பு எண்ணும் இருக்கும். அதைக் கோடில் எழுதிவைக்காமல் ரூட்டின் பெயரிலிருந்தே எடுங்கள்.

கடைசிவரி:
கோப்பின் பெயருக்குப் பதில் திறந்த கோப்பையே வாங்குங்கள். பிஇசட்2 ஆனாலும் ஜிசிப் ஆனாலும் (சுருக்கப்பட்ட கோப்பு வகைகள்) அதே ஃபங்ஷன் ஓடும். லூப்பைப் பாதியில் விட்டாலும் மூடுவது திறந்தவர் பொறுப்பு. பாதியில் அறுந்த பிஇசட்2 என்றால் ஈஓஎஃப்எரர், எக்ஸ்எம்எல்லே கெட்டிருந்தால் பார்ஸ்எரர். இரண்டுமே பல பக்கங்களைக் கொடுத்த பிறகும் வரலாம் என்பதை ஆவணத்தில் எழுதிவிடுங்கள். டேட்டாபேஸில் ஏற்றுபவர் எப்போது கமிட் செய்வது (ஏற்றியதை நிரந்தரமாகச் சேமிப்பது) என்பதை அதை வைத்துத்தான் முடிவுசெய்வார்.