புதுப்பிப்பு: புதிய ஈஎல்34 வால்வுகள், வலது பக்கத்தில் சிதையும் தாழ்ந்த ஒலி – தீர்ந்தது

புஷ்-புல் ஆம்ப்ளிஃபையரில் (இரு வால்வுகள் ஜோடியாக ஒலியைப் பெருக்கும் வகை) வால்வுகளை, அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களை, மாற்றியபின் வலது ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் முகம்) ஒலி சிதைவதாகவும், எத்தனை மணி நேரம் ஓடவிட்டால் சரியாகும் என்றும் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

ஓடவிட்டதில் பலன் இல்லை. நன்றாகச் சூடேறிய பிறகு பயஸை (பாட்டு ஓடாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை) அளக்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. வால்வின் கேத்தோடு முனையிலுள்ள 1 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தபோது, தொடக்கத்தில் 28 மில்லிவோல்ட் காட்டிய ஒரு வால்வு அரைமணி நேரத்தில் 36-இல் நிலைத்தது. அதன் இணையோ 24-ஐத் தாண்டவில்லை. 1 ஓம் என்பதால் மில்லிவோல்ட் அளவே மில்லியாம்பியர் அளவு. இரு வால்வுகளின் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் ஒரு பக்கமாகக் காந்தமேறித் தாழ்ந்த ஒலிகளைச் சிதைக்கும். இரண்டையும் 36-இல் நிறுத்தியதும் தொப்பி தெளிவாகக் கேட்டது.

எதிர்பாராதது, வலது பக்கத்தில் இருந்த மெல்லிய ஹம் ஒலியும் அடங்கிவிட்டது. பவர் சப்ளையின் அலைவு இரு வால்வுகள் வழியாகவும் வரும்; அவை சமநிலையில் இருந்தால்தான் அந்த அலைவுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். புதிய வால்வுகளின் பயஸ் சில வாரங்களில் சற்று நகர்ந்ததால் மறுபடியும் சரிசெய்தேன். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் தங்கும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.